எண்ணெய் பூசிய கண்ணாடியும் என் 480 பவுண்டும்

பழைய ஒயின் டிகான்டர்களை, அதாவது புட்டியிலிருந்து ஒயினை மாற்றி ஊற்றிப் பரிமாறும் மூடியுள்ள கண்ணாடிக் குடுவைகளை, சேர்க்கத் தொடங்கிய முதல் ஒன்றரை ஆண்டில் 600 பவுண்டுக்கு மேல் இழந்தேன். பணம் போனதைவிட, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாகத் திண்டாடிய அந்த மாதங்கள்தான் இன்றும் மனத்தை உறுத்துகின்றன. இங்கிலாந்தில் வாழும் தமிழர்களில் இந்த ஆசை கொண்ட சிலரை அண்மையில் சந்தித்தேன். அவர்களும் நான் விழுந்த அதே குழியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அன்று எனக்கு ஒருவர் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆசை தொடங்கிய இடம் பர்மிங்ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் சாப்பாட்டு மேசை. கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு நாள் எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும், ஒரு நாள் முழுவதும் அசையாமல் நிற்கவைத்திருந்த, போர்ட் என்ற போர்ச்சுகல் நாட்டு ஒயினின் பழைய புட்டியைத் திறந்து, மேசையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார். புட்டியின் கழுத்து அந்தச் சுடருக்கு மேலே வருமாறு சாய்த்து, கை நடுங்காமல், நூல் போல ஒரே ஒழுக்காக டிகான்டருக்குள் ஊற்றினார். பல ஆண்டுகள் புட்டியிலேயே முதிரும் அந்த வகைப் போர்ட்டில் அடியில் வண்டல் படியும். சுடரின் வெளிச்சத்தில் அந்த வண்டல் புட்டியின் தோளுக்கு ஏறி வருவது தெரிந்ததும் சட்டென்று நிறுத்தினார். டிகான்டர் என்ற பாத்திரம் ஏன் பிறந்தது என்பது அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பிறகு அந்த டிகான்டர் வலமிருந்து இடமாக ஒவ்வொரு கையாக மேசையைச் சுற்றி வந்தது. என் கைக்கு வந்தபோது அதன் எடையும், கண்ணாடியில் செதுக்கிய வெட்டுகளின் விளிம்பு விரலில் பட்ட கூர்மையும் என்னை அப்படியே பிடித்துக்கொண்டன. அவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது, தண்ணீர் வைக்கும் விக்டோரியா காலத்துக் கராஃப் குடுவை ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் வாயில் கவிழ்த்து வைக்க ஒரு சிறு தம்ளரும் உண்டு. படுக்கையருகே வைக்கப்பட்ட அந்த எளிய பொருள்தான் என் சேகரிப்பின் முதல் உருப்படி. அங்கேயே நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை.

நூலகத்திலிருந்து கண்ணாடி வரலாறு பற்றிய நூல்களை எடுத்து வந்து இரவுகளில் படித்தேன். ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் ஈயக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றது, 1745இல் பிரிட்டன் அரசு கண்ணாடியின் எடைக்கு வரி விதித்தது, அந்த வரி பின்னர் உயர்ந்தது, அயர்லாந்துக்கு 1780இல் தடையற்ற வணிக உரிமை கிடைத்ததும் இங்கிலாந்தின் கண்ணாடித் தொழில் நகரமான ஸ்டவர்பிரிட்ஜிலிருந்து கைவினைஞர்கள் அங்கே சென்றது, 1783இல் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் பென்ரோஸ் குடும்பத்தினர் பட்டறை தொடங்கியது, 1825இல் அதே வரி அயர்லாந்தையும் எட்டியது, 1845இல் அது ஒழிந்தது என்று எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். கனத்த கண்ணாடியும் ஆழமான வெட்டும் அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஏன் அயர்லாந்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டன என்பது எனக்குப் புரிந்தது. புரிந்ததாலேயே ஏமாந்தேன் என்றும் சொல்ல வேண்டும். வரலாறு தெரிந்தவருக்கு ஏலப் பட்டியலில் “அயர்லாந்து, 1790 வாக்கில்” என்ற வரியைக் கண்டதும் மனம் தானாகவே கதையை முடித்துவைத்துவிடுகிறது. பொருளைப் பார்க்கும் கண்ணோ இன்னும் பழகியிருப்பதில்லை.

2022 பிப்ரவரியில் ஒரு வட்டார ஏல நிறுவனம் நேரிலும் இணையத்திலும் நடத்திய ஏலத்தில் ஒரு ஜோடியைக் கண்டேன். பீப்பாய் வடிவ உடல், கழுத்தில் மூன்று வளையங்கள், காளான் வடிவ மூடி. படங்களில் இரண்டும் பளபளத்தன. “வயதுக்கேற்ற நல்ல நிலை” என்று ஒரு வரி மட்டும் இருந்தது. பொருளின் நிலை குறித்து விரிவான அறிக்கை கேட்டால் ஏல நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணமின்றி அனுப்பும் என்பதுகூட எனக்கு அன்று தெரியாது. 200 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு அமர்ந்தவள், 320க்குப் போய் நின்றேன். அதற்குப் பிறகுதான் உண்மையான கணக்கு வந்தது. ஏலம் முடிந்த விலை 320. வாங்குபவர் கட்டணம் அதில் 25 விழுக்காடு, அதாவது 80. அந்தக் கட்டணத்தின் மேல் 20 விழுக்காடு வரி, 16. இணைய மேடைக்கான 4.95 விழுக்காடும் அதன் வரியும் சேர்ந்து 19. அந்த ஏல நிறுவனம் பொருளைத் தானே கட்டி அனுப்பாது என்பதால், வெளியார் ஒருவருக்குக் கட்டுக்கூலியும் கூரியரும் 45. ஆக மொத்தம் 480 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 48,000 ரூபாய். என் கணவரிடம் அந்தத் தொகையைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஏலத்தில் கை வைப்பவர்கள் கூடுதல் கட்டணங்களை முதலிலேயே கூட்டிப் பார்த்துவிடுங்கள். நீங்கள் நினைக்கும் உச்ச விலையை 1.36ஆல் பெருக்கி, அதனோடு அனுப்பும் செலவைச் சேர்த்தால் என் அனுபவத்துக்கு நெருங்கிய தொகை வரும். விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் அவர்களுடைய நிபந்தனைப் பக்கத்தைப் படித்துவிட்டே பதிவு செய்ய வேண்டும்.

பெட்டி வந்த நாள் சனிக்கிழமை. இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தபோது சன்னல் வெளிச்சம் அவற்றின் வைர வெட்டுகளில் சிதறி எதிர்ச்சுவரில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஊரில் பொங்கல் பானை வாங்கும்போது அம்மா ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்துத்தான் எடுப்பார். நானும் டிகான்டரின் வாயோரத்தைச் சுண்டினேன். மணி போல ஒலித்தது. மகிழ்ச்சியில் எனக்குக் கண் கலங்கியது. அன்று மாலையே வெதுவெதுப்பான நீரும் பாத்திரச் சோப்பும் இட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். திங்கட்கிழமை காலை பார்த்தபோது, ஒன்றின் உட்புறத்தில் தோளிலிருந்து இடை வரை பால் தெறித்தது போல ஒரு படலம். மற்றொன்றின் அடியில் அதே படலம் வளையம் வளையமாக நின்றது. கழுவிய சோப்பு சரியாகப் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் கழுவினேன். நனைந்திருக்கும்வரை பளிங்கு போல இருந்தது. உலர்ந்ததும் படலம் திரும்பி வந்தது.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “போர் தண்ணியில கழுவின டம்ளர்ல படியுமே, அந்த உப்புக் கறையா இருக்கும்மா. புளியைக் கரைச்சு ஊத்தி ராத்திரி பூரா வச்சிடு, போயிடும்” என்றார். எங்கள் வீட்டு எவர்சில்வர் குடங்களையும் கண்ணாடித் தம்ளர்களையும் அவர் அப்படித்தான் மீட்டெடுப்பார். நான் புளிக்குப் பதில் வினிகர் ஊற்றி வைத்தேன். பின்பு வினிகரோடு பச்சரிசி போட்டுச் சுழற்றினேன். சிட்ரிக் அமிலம் கரைத்து வைத்தேன். செயற்கைப் பல் கழுவும் மாத்திரைகளைப் போட்டு ஓர் இரவு விட்டேன். மூன்று வாரம், ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் இதே வேலை. படலம் ஓர் இம்மியும் அசையவில்லை.

அது கறை அன்று, கண்ணாடிக்கு வந்த நோய் என்பதைப் பிறகே அறிந்தேன். ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் அதை நோயுற்ற கண்ணாடி என்றே அழைக்கிறார்கள். மூடியிட்ட டிகான்டருக்குள் ஈரம் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்கும்போது, அந்த ஈரம் கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள காரப் பொருள்களைக் கரைத்து வெளியே இழுத்துவிடுகிறது. பரப்பு அரிக்கப்பட்டு, ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகிறது. உப்புக் கறை கண்ணாடியின் மேல் உட்கார்ந்திருப்பது, அதனால் புளிக்கும் வினிகருக்கும் இணங்கிப் போய்விடும். இதுவோ கண்ணாடியே கரைந்துபோன இடம். ஓர் இரவு வினிகர் ஊற்றியும் மாறாவிட்டால் அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம். நான் செய்தது போல மூன்று வாரத்தை வீணாக்காதீர்கள்.

ஏலத்துக்கு முன்பு எடுத்த படங்களில் ஏன் படலம் தெரியவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. நான் கழுவுவதற்கு முன்பு மூடிகளைச் சுற்றிவைத்திருந்த மெல்லிய தாள் குப்பையில் அப்படியே கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். மூடியின் தண்டு பட்ட இடம் கண்ணாடித் தாள் போல ஒளி ஊடுருவியது. வடை வைத்த காகிதத்தில் நாம் அன்றாடம் பார்க்கும் அதே எண்ணெய்க் கறை. நோயுற்ற கண்ணாடியின் உட்புறத்தில் சிறிது எண்ணெயைச் சுழற்றி வடித்துவிட்டால், அரிப்பின் பள்ளங்களை எண்ணெய் நிரப்பிவிடும். கண்ணாடி தெளிவாகத் தோன்றும். ஏலத்துக்குக் கொண்டுவந்தவர் செய்தாரா, அவருக்கு முன்பிருந்தவர் செய்தாரா, நான் அறியேன். சோப்பு நீரில் அந்த எண்ணெயைக் கழுவி உண்மையை வெளியே கொண்டுவந்தவள் நானேதான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

ஆகவே, டிகான்டர் ஒன்றைக் கையில் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வெட்டோ வடிவமோ அன்று. உட்புறம் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால், “இப்போதுதான் கழுவினோம்” என்று சொன்னாலும், உலர்ந்த பிறகு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிடுங்கள். நான் இப்போது ஒரு நீண்ட மூங்கில் குச்சியின் நுனியில் டிஷ்யூத் தாளைச் சுற்றி எடுத்துச் செல்கிறேன். விற்பவரிடம் அனுமதி கேட்டு உள்ளே விட்டுத் துடைத்து, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எண்ணெய் இருந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். நேர்மையான வணிகர்கள் இதற்கு முகம் சுளித்ததே இல்லை. ஏலத்தில் வாங்குவதானால் மின்னஞ்சலில் நேரடியாகக் கேளுங்கள்: உட்புறம் உலர்ந்த நிலையில் மங்கல் உண்டா, மூடி அதே டிகான்டருக்கு உரியதா, வாயோரம் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். எழுத்தில் வந்த பதில் பின்னால் வழக்காட உதவும்.

எனக்கு அப்படி எந்த எழுத்தும் இல்லை. ஏல நிறுவனத்துக்கு எழுதினேன். பார்த்த நிலையில் பார்த்தபடி விற்கப்பட்டது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பிரிட்டனில் ஒரு வணிகரிடம் இணையம்வழி வாங்கினால் பொருள் கைக்கு வந்த பிறகு 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித்தரும் உரிமை உண்டு. ஆனால், பொதுமக்கள் நேரில் சென்று கலந்துகொள்ளக்கூடிய ஏலத்துக்கு அந்த உரிமை பொருந்தாது. வீட்டிலிருந்து இணையத்தில் ஏலம் கேட்டேன் என்பதால் இந்த நிலை மாறிவிடுவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல், 14 நாள் கணக்கை நம்பி ஒரு வாரம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். தொடங்குபவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முதல் ஐந்து பொருள்களையாவது, சற்று விலை கூடினாலும், ரசீது தரும் வணிகரிடம் வாங்குங்கள். காலமும் நிலையும் அந்த ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, கண்ணாடி செப்பனிடும் ஓர் அம்மையாரிடம் ஜோடியைக் கொண்டு சென்றேன். அறுபதைக் கடந்தவர், பட்டறை மேசையில் கறுப்புத் துணி விரித்திருந்தார். டிகான்டரைத் துணியின் மேல் கிடத்தி, மூடியின் தண்டை என் பக்கம் திருப்பி, உருப்பெருக்கியைக் கையில் கொடுத்தார். சாணை பிடித்துச் சொரசொரப்பாக இருந்த தண்டில், ஊசியால் கீறியது போல மிகச் சிறிய எழுத்தில் 12 என்று இருந்தது. டிகான்டரின் வாயோரத்தில் அதே அளவில் 7. ஒவ்வொரு மூடியும் அந்தந்தக் கழுத்துக்கென்று தனியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டதால், பட்டறையில் மாறிப்போகாமலிருக்கக் கைவினைஞர்கள் இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறுவது வழக்கம். எல்லாவற்றிலும் எண் இராது. ஆனால் இருந்தால் பொருந்த வேண்டும். என்னுடையது பொருந்தவில்லை. மூடியைப் பொருத்தி விரலால் மெல்ல ஆட்டிக் காட்டினார். கேட்கும்படியாக ஒரு கடகடப்பு. தனக்குரிய மூடி கழுத்தில் ஆடாமல் அமரும், தேய்த்த பகுதி இரண்டிலும் ஒரே நுணுக்கத்தில் இருக்கும் என்றார்.

மற்ற டிகான்டரில் எண் இருந்திருக்க வேண்டிய வாயோரமே இல்லை. இரண்டையும் அருகருகே நிறுத்தியபோதுதான் கண்டேன்: ஒன்றில் மேல் வளையத்துக்கும் வாய்க்கும் இடையே விரற்கடை அளவு இடைவெளி, மற்றதில் அதில் பாதி. வாய் உடைந்து, உடைந்த பகுதியைத் தேய்த்து மட்டம் செய்திருக்கிறார்கள். இரண்டு மாதம் என் வீட்டு அலமாரியில் தோளோடு தோள் நின்றவை, நான் ஒருநாளும் உயரம் ஒப்பிடவில்லை. வளையங்களை அவர் தடவிப் பார்க்கச் சொன்னார். உருகிய கண்ணாடி இழையைக் கழுத்தைச் சுற்றி ஓட்டி முடித்த இடத்தில் ஒரு சிறு ஒட்டு விரலுக்குத் தட்டுப்பட்டது. அது நல்ல அடையாளம். அச்சில் வார்த்தவற்றில் அந்த ஒட்டுக்குப் பதிலாக மேலிருந்து கீழாக ஒரு அச்சுக்கோடு ஓடும், வெட்டுகளின் விளிம்பும் வழவழவென்று உருண்டிருக்கும். என்னுடையவை கையால் ஊதிக் கையால் வெட்டியவைதாம். காலமும் ஏறத்தாழச் சரியே. ஜோடி அல்ல, மூடி அதற்குரியதல்ல, வாய் முழுமையல்ல, உடல் நோயுற்றது. உட்புறத்தைத் தேய்த்து மெருகேற்ற ஒன்றுக்கு 65 பவுண்டு கேட்டார். முழு உயரம் இருந்த ஒன்றை மட்டும் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பால் படலம் போயிருந்தது. சாய்வான வெளிச்சத்தில் மட்டும் மிக மெல்லிய அலை தெரிகிறது.

அந்த ஆண்டு முழுவதும் வாங்குவதை நிறுத்திவிட்டு, பார்க்கப் போனேன். இலண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நான்காம் தளத்தில் உள்ள கண்ணாடிக் கூடத்துக்கு மூன்று முறை சென்றேன். ஸ்டவர்பிரிட்ஜ் கண்ணாடி அருங்காட்சியகம் வேர்ட்ஸ்லியில் 2022இல்தான் திறக்கப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவுதான். சாலையின் எதிர்ப்புறத்தில், 1790 வாக்கில் எழுப்பப்பட்ட செங்கல் கூம்பு உலை இன்றும் நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, நூலில் படித்த வரலாறு முதன்முறையாக எனக்கு வெப்பமும் புகையுமாகப் புலப்பட்டது. ஆனாலும் கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பதால் மட்டும் கை பழகாது. நாட்டிங்ஹாம்ஷயரில் நெவார்க்கில் நடக்கும் பெரிய பழம்பொருள் சந்தை போன்ற இடங்களில் ஒரு நாள் சுற்றினால், நூறு டிகான்டர்களைக் கையில் தூக்கிப் பார்க்கலாம். அடிப்பகுதியைக் கவிழ்த்துப் பாருங்கள். இரு நூற்றாண்டு மேசையில் நகர்ந்த அடியில் கீறல்கள் பல திசையிலும், ஆழமும் மெல்லிசுமாகக் கலந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை என்று ஐயப்படலாம். அடியின் நடுவே, ஊதுபவர் இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த தழும்பை வட்டமாகத் தேய்த்து மெருகிட்ட குழி இருக்கும். “வாட்டர்ஃபோர்ட்” என்ற சொல்லுக்கு மட்டும் தனி எச்சரிக்கை தேவை. பழைய பட்டறை 1851இல் மூடப்பட்டது. அதே பெயரில் நாம் இன்று அறியும் நிறுவனம் 1947இல் தொடங்கியது. கனமான பழைய வெட்டுக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டுவது சந்தைகளில் நெடுநாள் பழக்கம். சொல்பவரிடம் சான்று கேளுங்கள்.

நெவார்க்கில் 70 பவுண்டுக்கு வாங்கிய ஓர் ஒற்றை டிகான்டர் எனக்கு மிகவும் பிடித்தது. மூடி எண்ணும் பொருந்தியது, உட்புறம் தெளிவு. அதை இழந்தது முழுக்க என் கைவேலை. கழுவிவிட்டு, கழுத்தில் ஈரம் இருக்கும்போதே மூடியைப் பொருத்தி அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து மூடி அசையவில்லை. ஊறுகாய்ப் புட்டியின் இறுகிய மூடிக்குச் செய்வது போலக் கழுத்தில் சூடான நீரை ஊற்றினேன். “டிக்” என்று ஒரே ஒரு ஒலி. முதல் வளையத்திலிருந்து தோள் வரை முடியிழை போல ஒரு கோடு ஓடியது. ஊற்றுவதை நிறுத்திய பிறகும் அந்தக் கோடு என் கண்முன்னே இன்னும் ஒரு அங்குலம் நீண்டது. அன்று அழுதேன். இறுகிய மூடிக்குச் செய்ய வேண்டியது வேறு. மூடியும் வாயும் சேரும் வரியைச் சுற்றிச் சில துளி கிளிசரினோ சமையல் எண்ணெயோ விட்டு, அது மெல்ல இறங்கும்வரை ஒரு நாள், தேவையானால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பிறகு மரக்கரண்டியின் காம்பால் மூடியின் இருபுறமும் மாறி மாறி மிக மெல்லத் தட்டி, திருகாமல் அசைத்துப் பார்க்க வேண்டும். நகரவில்லையென்றால் மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காத்திருப்பு. இப்போது என் வீட்டில் மூடிகள் டிகான்டரின் அருகிலேயே கிடக்கும், விருந்தன்றுதான் கழுத்தில் ஏறும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கழுவியதும், சமையலறைத் தாளை நீளமாக முறுக்கி அடிவரை விட்டு ஒரு நாள் நிறுத்தினால், திரி எண்ணெயை இழுப்பது போல அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது தவறை எழுதக் கை தயங்குகிறது. பெரியவர் கொடுத்த கராஃபின் வாய் குறுகல். அதனால் அகன்ற வாயுள்ள கனத்த வெட்டுக் கராஃப் ஒன்றை வாங்கி, என் மகனின் பிறந்தநாளுக்கு எலுமிச்சைச் சாறு பிழிந்து அதில் ஊற்றிக் குளிர்பெட்டியில் முதல் நாள் இரவே வைத்தேன். பிள்ளைகள் எல்லோரும் குடித்தார்கள். சில வாரம் கழித்துத்தான் 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஈயப் படிகக் கண்ணாடி டிகான்டர்களில் நான்கு மாதம் வைத்திருந்த போர்ட்டில் ஈயம் லிட்டருக்கு 2,000 முதல் 5,000 மைக்ரோகிராமுக்கு மேல் ஏறியிருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வழிகாட்டு அளவு 10. ஓர் இரவு என்பது நான்கு மாதம் அன்று, ஒரு தம்ளர் என்பது அன்றாடக் குடி அன்று என்று அறிவு சொன்னாலும், அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நேரம் கூடக்கூடவும் புளிப்பு கூடக்கூடவும் ஈயம் அதிகம் கரையும். ஆகவே ஈயக் கண்ணாடியில் எதையும் சேமித்து வைக்காதீர்கள். உணவு வேளைக்கு ஊற்றி, மிஞ்சியதை அன்றே வேறு புட்டிக்கு மாற்றிவிட வேண்டும். ஆல்கஹால் கெடாது என்று விஸ்கியை மாதக்கணக்கில் டிகான்டரில் காட்சிக்கு வைப்பதும் இதே காரணத்தால் தவறு. பிள்ளைகளுக்கும் கருவுற்றிருக்கும் பெண்களுக்கும் அதில் எதுவுமே வேண்டாம். எங்கள் வீட்டில் சாறும் மோரும் சாதாரணக் கண்ணாடிக் கூஜாவில்தான்.

அனுப்புவது பற்றி ஒரு சொல். பல கூரியர் நிறுவனங்கள் கண்ணாடி உடைந்தால் இழப்பீடு தருவதில்லை, காப்பீட்டுக் கட்டணம் வாங்கிய பிறகும் விலக்குப் பட்டியலில் கண்ணாடி இருக்கும். மூடியைக் கழுத்திலேயே வைத்து அனுப்பிய ஒரு டிகான்டர் எனக்கு மூடி நொறுங்கி வந்தது, 55 பவுண்டு அதில் போனது. மூடியைத் தனியே சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

இப்போது நான் வாங்குவது பெரும்பாலும் ஒற்றை டிகான்டர்கள். ஜோடிக்குக் கொடுக்கும் விலையில் பாதிக்கும் மிகக் குறைவாகவே ஒற்றை கிடைக்கிறது. நன்கொடைப் பொருள்களை விற்கும் அறக்கடைகளிலும் சிறு சந்தைகளிலும் 20 முதல் 40 பவுண்டுக்குள், வெட்டு அதிகமில்லாத விக்டோரியா காலத்துப் பொருள்கள் இன்னும் அகப்படுகின்றன. மேசையில் நான்கு ஒற்றைகள் நான்கு உயரத்தில் நிற்பது, ஒரே அச்சான ஜோடியைவிட எனக்கு அழகாகவே படுகிறது. அடி அகன்ற கப்பல் டிகான்டர்மீது ஆசை போகவில்லை. ஆனால் பிற்காலத்தில் போலச்செய்தவை அந்த வடிவத்தில் ஏராளம் என்பதால், என் கண் இன்னும் தேறட்டும் என்று காத்திருக்கிறேன்.

480 பவுண்டு ஜோடியில், வாய் தேய்க்கப்பட்டதை எல்லாக் குறையையும் எழுதிக்காட்டி 40 பவுண்டுக்கு விற்றேன். பூ வைக்க வாங்கிச் சென்றார்கள். மற்றது என்னிடம் இருக்கிறது. சந்தைகளில் வணிகர்கள் உதிரி மூடிகளை ஒரு பெட்டியில் குவித்து வைத்திருப்பார்கள். கழுத்தின் உள்விட்டத்தை அளந்து தாளில் குறித்துக்கொண்டு, போகுமிடமெல்லாம் அந்தப் பெட்டிகளைக் கிளறினேன். பதினொரு மாதம் கழித்து ஒரு காளான் மூடி கிடைத்தது, 8 பவுண்டு. கழுத்தில் விட்டதும் ஆடாமல் அமர்ந்தது. அதன் தண்டில் 3 என்று கீறியிருக்கிறது. டிகான்டரின் கழுத்தில் நூலால் ஒரு சிறு அட்டையைக் கட்டி வைத்திருக்கிறேன்: “டிகான்டர் எண் 7. மூடி எண் 3, பின்னர் சேர்த்தது. உட்புறம் 2022இல் மெருகிடப்பட்டது.”